டேப்லெட்டில் நம் சொந்த விளக்கவுரை: எந்த ஆப்பில் ஏற்றலாம்?

பிரசங்கக் குறிப்புகள், வேதபாட வகுப்புக்கென்று எழுதிய விளக்கங்கள், இறையியல் கல்லூரி நோட்ஸ், வாலிபர் கூடுகைக்குத் தயாரித்த கேள்வித்தாள்கள். ஊழியத்தில் சில வருடம் ஆன எவருடைய கணினியைத் திறந்தாலும் இவை குவிந்து கிடக்கும். டேப்லெட் ஒன்று கைக்கு வந்ததும் எழுகிற கேள்வி, "இதையெல்லாம் பைபிள் ஆப்புக்குள்ளேயே புத்தகமாகப் போட்டுக்கொள்ள முடியாதா?" என்பதுதான். முடியும், ஆனால் எல்லா ஆப்பிலும் முடியாது. முடிகிற ஆப்களிலும் ஒன்றில் ஒரே மாலையில் முடிகிற வேலை, இன்னொன்றில் பல வாரங்களை விழுங்கிவிடும்.

பலர் போனில் வைத்திருக்கும் யூவெர்ஷனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வசனத்துக்கு வண்ணம் தீட்டலாம், குறிப்பு எழுதலாம்; நாம் ஆக்கிய புத்தகத்தை உள்ளே ஏற்ற அதில் வழியில்லை. மிஞ்சுபவை லோகோஸ், மைசோர்ட், மைபைபிள், ஆண்ட்பைபிள், இ-சோர்ட். இவற்றோடு, பைபிள் ஆப்பையே விட்டுவிட்டு சாதாரண மின்னூலாக வைத்துக்கொள்வது என்ற வழியும் உண்டு. அக்கார்டன்ஸிலும் பயனர் தாமே புத்தகம் சேர்க்கலாம். ஆனால் அது எபிரெய, கிரேக்க மூலத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கான மென்பொருள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த வேலைக்காக அதை நான் சொல்ல மாட்டேன்.

ஆப்களின் வசதிப் பட்டியலைப் பார்க்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். டேப்லெட்டில் யாக்கோபு 2:14ஐத் திறக்கிறீர்கள். அந்த வசனத்துக்கு நீங்கள் எழுதி வைத்தது பக்கத்துச் சட்டத்தில் தானாக வந்து நிற்க வேண்டுமா? வசனம் நகர நகர உங்கள் விளக்கமும் கூடவே நகர வேண்டுமா? ஆம் என்றால் உங்களுக்குத் தேவை விளக்கவுரை மாட்யூல் (மாட்யூல் என்பது ஆப்புக்குள் ஏற்றும்படி கட்டிய புத்தகக் கோப்பு). முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக வாசிக்கிற புத்தகம்தான், நடுவில் வரும் வசன எண்ணைத் தொட்டால் வசனம் தெரிந்தால் போதும் என்றால் அது பொதுப் புத்தக மாட்யூல். அதுகூட வேண்டாம், எழுத்து பெரிதாகத் தெரிந்தால் சரி என்றால் மின்னூல். உழைப்பு இந்த வரிசையில் குறைந்துகொண்டே வரும். பைபிள் மென்பொருளுக்குள் சொந்தப் புத்தகம் வைப்பதன் முழுப் பலனும் முதல் வகையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மின்னூல்: சுருக்கமாக முடிகிற வழி

வேர்டு கோப்பில் தலைப்புகளுக்கு 'ஹெடிங்' ஸ்டைல் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் காலிபர் என்ற இலவச மென்பொருள் அதைச் சில நிமிடங்களில் இபப் என்ற மின்னூல் கோப்பாக ஆக்கித் தரும். கூகுள் பிளே புக்ஸில் ஏற்றிவிட்டால் உங்கள் போன், டேப்லெட் இரண்டிலும் வந்துவிடும். ஐபேட் என்றால் ஆப்பிள் புக்ஸ். கேள்வித்தாள், சபை வரலாறு, தியானக் கட்டுரைகளுக்கு இது தாராளமாகப் போதும். வசனத்தை ஒத்துப் பார்க்க மட்டும் ஒவ்வொரு முறையும் ஆப் மாற வேண்டும்.

பிடிஎஃப்பாகவே வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒன்று. தமிழ்ப் பிடிஎஃப்களில் தேடல் நம்பத்தக்கதல்ல. கண்ணுக்கு எழுத்து சரியாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், பல கோப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பத்து அங்குலத் திரையில் ஏ4 பக்கத்தை இழுத்து இழுத்து வாசிப்பது தனிச் சிரமம்.

லோகோஸ்: ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு

இந்த வரிசையில் நிரலாக்க அறிவே தேவைப்படாதது லோகோஸ். வேர்டில் எழுதுகிறீர்கள், விண்டோஸ் அல்லது மேக் கணினியில் உள்ள லோகோஸில் 'பெர்சனல் புக்ஸ்' பகுதியில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் அதுவே புத்தகமாகக் கட்டித் தருகிறது. பல ஆண்டுகள் இந்தப் புத்தகங்கள் கணினியோடு நின்றன. இப்போது அவர்களுடைய சர்வருக்கு ஏற்றிவிட்டால் ஐபேடிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் அதே கணக்கில் கிடைக்கின்றன. கோடிட்டது, குறிப்பெழுதியது எல்லாம் கூடவே வரும். டேப்லெட்டில் மட்டும் புத்தகத்தைக் கட்ட முடியாது, கணினி அவசியம்.

விளக்கவுரையாக இயங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வசனப் பகுதியின் தலையிலும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் வசன அடையாளம் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் வசன எண்களை அது தானே கண்டுபிடித்து இணைப்பாக்கிவிடும். 'யோவான் 3:16' என்ற தமிழ் எழுத்து அதற்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் இணைப்பை நாமே எழுதியாக வேண்டும். இருநூறு பக்கப் புத்தகத்தில் ஆயிரம் வசன மேற்கோள் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேர்டின் 'ஃபைண்ட் அண்ட் ரீபிளேஸ்' கைகொடுக்கும். அதன் சூட்சுமத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2024 முதல் லோகோஸ் சந்தா முறைக்கு மாறிவிட்டது. ஆங்கில விளக்கவுரைகளை அதில் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவருக்குத் தன் தமிழ்க் குறிப்பும் அதே தேடலில் வந்து விழுவது பெரிய சௌகரியம். சொந்தத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஏற்றுவதற்காகவே லோகோஸுக்குள் நுழைவது வீண் செலவு.

மைசோர்ட், மைபைபிள்: பெயரில் ஒரு குழப்பம்

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருக்கும் தமிழ் ஊழியருக்கு என் முதல் பரிந்துரை மைசோர்ட். பைபிள், விளக்கவுரை, அகராதி, புத்தகம், தினக்குறிப்பு என்று மாட்யூல்களை வகை பிரித்து வைத்திருக்கிறது. தினக்குறிப்பு வகையை டேப்லெட்டிலேயே தட்டச்சு செய்து உண்டாக்கலாம். மற்றவற்றைக் கணினியில் ஆக்கிக் கொண்டுவர வேண்டும்.

குழப்பம் இதுதான்: மைசோர்ட் மாட்யூல்களின் கோப்புப் பெயர் 'மைபைபிள்' என்று முடியும். ஆனால் மைபைபிள் என்ற பெயரில் வேறொரு ஆப் இருக்கிறது. அதன் மாட்யூல்கள் 'எஸ்க்யூலைட்3' என்று முடியும். ஒன்றுக்கு ஆக்கியதை மற்றதில் போட்டுவிட்டு "திறக்க மாட்டேன் என்கிறதே" என்று கேட்பவர்கள் அனேகர். இரண்டும் உள்ளுக்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளம்தான், அதாவது அட்டவணைகளை ஒரே கோப்பில் அடக்கிய தொகுப்பு. அட்டவணை அமைப்புதான் வேறு.

அந்த அட்டவணை பயப்படும்படியான ஒன்றல்ல. மைசோர்ட் விளக்கவுரையில் ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், புத்தக எண், அதிகாரம், தொடக்க வசனம், முடிவு வசனம், விளக்கம் ஆகியவை இருக்கும். ஆதியாகமம் 1, வெளிப்படுத்தின விசேஷம் 66 என்று எண் ஓடும், யாக்கோபு 59. ஆகவே யாக்கோபு 2:14-17க்கான விளக்கம் 59, 2, 14, 17 என்ற எண்களோடு ஒரு வரியில் உட்காரும். எக்ஸெல் தெரிந்தவர் இதை எக்ஸெலிலேயே நிரப்பலாம். பிறகு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்து, 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற இலவச மென்பொருளில் இறக்கினால் மாட்யூலின் உடம்பு தயார். புத்தகத்தின் பெயர், சுருக்கப் பெயர், விவரம் ஆகியவற்றைச் சொல்லும் இன்னொரு சிறிய அட்டவணையும் வேண்டும். ஏற்கெனவே உள்ள மாட்யூல் ஒன்றைத் திறந்து அதன் அமைப்பைப் பார்த்து அப்படியே செய்யலாம். எக்ஸெலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

மைபைபிளில் எண்கள் பத்துப் பத்தாகத் தாவும்: ஆதியாகமம் 10, மத்தேயு 470, யோவான் 500, யாக்கோபு 660, வெளிப்படுத்தின விசேஷம் 730. இந்தத் தாவலில் ஒரு லாபம் உண்டு. நெகேமியாவுக்கு 160, எஸ்தருக்கு 190. நடுவிலே 170 தோபித்துக்கும் 180 யூதித்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. திருவிவிலியத்தின் 73 நூல்களையும் வைத்து மறைக்கல்விக்கு எழுதுகிறவர்கள் மைபைபிளை முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான். 66 புத்தகங்களை மட்டுமே கணக்கில் கொண்ட ஓர் ஆப்பில் சாலமோனின் ஞானத்துக்கு எழுதிய விளக்கத்தைத் தொங்கவிட ஆணியே இருக்காது.

கோப்பை டேப்லெட்டுக்குள் கொண்டுபோவதில் முன்பு சிக்கல் இருந்ததில்லை. யுஎஸ்பி கம்பியைச் செருகி ஆப்பின் கோப்புறையில் போட்டால் முடிந்தது. ஆண்ட்ராய்டு 11இலிருந்து ஆப்களின் உள் கோப்புறைகளைப் பூட்டிவிட்டார்கள். பழைய வழிமுறைகளைப் படித்துவிட்டு அந்தக் கோப்புறையைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆப்புக்குள் இருக்கும் இறக்குமதி வசதியைப் பயன்படுத்துவதே சரி.

ஆண்ட்பைபிள்

விளம்பரமும் கட்டணமும் இல்லாத திறமூல ஆப். ஆண்ட்ராய்டில் மட்டும் உண்டு. அடிப்படையில் இது, இலவச பைபிள் மென்பொருள் உருவாக்கும் கிராஸ்வயர் அமைப்பின் 'சோர்ட்' என்ற வடிவ மாட்யூல்களுக்காகக் கட்டப்பட்டது. சோர்ட் மாட்யூல் ஆக்குவது சற்றே தொழில்நுட்ப வேலை. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் மூன்று டாலர் குறியும் வசன எண்ணும் எழுதிய எளிய உரைக்கோப்பைக் கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் திரையில்) ஒரு நிரலுக்குக் கொடுத்து, ஓர் அமைப்புக் கோப்பும் எழுதி, இரண்டையும் ஜிப் செய்ய வேண்டும். கட்டளை வரியைக் கண்டதும் பலர் ஓடிவிடுவார்கள்.

ஆனால் இப்போது ஆண்ட்பைபிள் மைசோர்ட், மைபைபிள் மாட்யூல்களையும் திறக்கிறது. அண்மைய பதிப்புகள் இபப்பையும் ஏற்கின்றன. ஆக, எக்ஸெல் வழியில் ஆக்கிய மாட்யூலை இங்கேயும் போடலாம். திரையைப் பல சட்டங்களாகப் பிரித்து ஒன்றில் தமிழ், ஒன்றில் ஆங்கிலம், ஒன்றில் உங்கள் விளக்கம் என்று வைப்பது இதில் நன்றாக இருக்கிறது. டேப்லெட்டைக் கிடைமட்டமாகப் பிடித்தால் இன்னும் நன்று. 'ஸ்டடி பேட்' என்ற வசதியில் வசனங்களைக் கோத்துக் குறிப்பெழுதலாம். சிலருக்கு மாட்யூல் ஆக்குவதே தேவையில்லை, இதுவே போதும். அப்படி எழுதுபவர்கள் ஆப்பின் பேக்கப்பை மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து வையுங்கள். டேப்லெட் கீழே விழுந்தால் கண்ணாடி மட்டும் உடைவதில்லை.

சோர்ட் வழியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அமைப்புக் கோப்பில் வசனப் பகுப்பு எந்த முறை என்று சொல்ல வேண்டும். 3 யோவான் கிங் ஜேம்ஸ் பகுப்பில் 14 வசனம், என்ஆர்எஸ்வி என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் பகுப்பில் 15. முறையைத் தவறாகச் சொன்னால் கடைசி வசனத்துக்கு எழுதியது எங்கோ காணாமல் போகும்.

ஐபேட் என்றால்

தேர்வு சுருங்கிவிடுகிறது. லோகோஸ் ஒன்று. இ-சோர்டின் ஐபேட் பதிப்பான இ-சோர்ட் ஹெச்டி இன்னொன்று. விண்டோஸில் இ-சோர்ட் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் போதகர்கள் பலருக்குப் பழகிய மென்பொருள். அந்தக் காலத்தில் ஆக்கிய மாட்யூல்கள் கைவசம் இருந்தால் அவை ஆர்டிஎஃப் (வேர்டு போன்றவை பயன்படுத்தும் பழைய எழுத்துக் கோப்பு) வடிவம். ஆப்பிள் பதிப்புகள் இணையப் பக்கங்களுக்கான ஹெச்டிஎம்எல் வடிவத்தைக் கேட்கும். பழையதை அப்படியே நகலெடுத்தால் ஓடாது. மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

உண்மையான வேலை தமிழ் எழுத்தில்தான்

ஆப் எதுவானாலும் நேரத்தைத் தின்பது இந்தப் பகுதி. உங்கள் பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் முதலில் இப்போது எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் இதற்கு நல்ல கருவி. மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை படியுங்கள். 'ஔ' வரும் இடங்களில் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். கௌரவமும் பௌர்ணமியும் பார்வைக்குச் சரியாக இருக்கும்; தேடினால் கிடைக்காது.

இதைவிட நுட்பமானது 'கொ', 'கோ' போன்ற எழுத்துகள். யூனிகோடில் இந்த உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. புத்தகத்தில் ஒரு விதமும் விசைப்பலகையில் இன்னொரு விதமும் இருந்தால் தேடல் கைவிரித்துவிடும். நோட்பேட் போன்ற ஓர் எடிட்டரில் இரட்டைக் குறியீடுகளை ஒற்றையாக மாற்றிய பிறகே மாட்யூல் ஆக்குங்கள்.

தேடல் என்றதும் இன்னொன்று. 'கர்த்தர்' என்று தேடினால் கர்த்தரை, கர்த்தருக்கு, கர்த்தருடைய என்பவையும் வர வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். முழுச்சொல்லாகத் தேடும் ஆப்பில் அவை வராது. 'கர்த்த' என்று எழுதி நட்சத்திரக் குறி போட வேண்டும். சொல்லின் பகுதியைத் தேடும் வசதி எந்த ஆப்பில் இருக்கிறதோ அது தமிழுக்கு ஒரு படி மேல்.

வசன இணைப்புகளுக்கு வருவோம். மைசோர்ட், மைபைபிள் இரண்டிலும் இணைப்பு என்பது புத்தக எண், அதிகாரம், வசனம் கொண்ட ஒரு சின்ன ஹெச்டிஎம்எல் துண்டு. தமிழ்ப் பெயரைத் தேடி அந்தத் துண்டாக மாற்றும் வேலையைக் கணினியே செய்யும். வரிசைதான் முக்கியம். '1 யோவான்', '2 யோவான்', '3 யோவான்' ஆகியவற்றை முதலில் மாற்றிவிட்டு அதன் பிறகே வெறும் 'யோவான்' மீது கை வைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் நிருபங்கள் எல்லாம் சுவிசேஷத்துக்குப் போய்விடும். 'யோ.' என்று சுருக்கி எழுதும் பழக்கம் இருந்தால் அதை முன்கூட்டியே விரித்துக்கொள்ளுங்கள். யோவான், யோபு, யோனா, யோவேல், யோசுவா எல்லாருக்கும் அதே தலையெழுத்து. 3:16 என்றும் 3.16 என்றும் மாறி மாறி எழுதியிருந்தால் அதையும் ஒரே விதமாக்குங்கள்.

உரிமை

மற்றவர் எழுதிய பழைய விளக்கவுரையை ஸ்கேன் செய்து மாட்யூலாக்க நினைப்பவர்கள் உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். இலங்கையில் 70 ஆண்டு. அந்தக் காலம் கடந்த நூல் என்றால் தடையில்லை. கூகுள் டாக்ஸ் தமிழ்ப் பக்கங்களின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். மெய்ப்பு பார்ப்பது உங்கள் பொறுப்பு. மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவருடைய உரிமையையும் பார்க்க வேண்டும். உங்கள் புத்தகத்துக்குள் வேதவசனங்களை முழுசு முழுசாக எடுத்துப் போட்டு எல்லோருக்கும் பகிரப் போகிறீர்கள் என்றால் அந்த மொழிபெயர்ப்பின் உரிமையும் கணக்கில் வரும். இண்டியன் ரிவைஸ்டு வெர்ஷனின் தமிழ்ப் பதிப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால் பகிர்வதற்கு அது எளிது.

சபையாரோடு பகிர்வது என்ற கோணத்தில் பார்த்தால் லோகோஸ் பின்தங்குகிறது. நீங்கள் ஏற்றிய புத்தகம் உங்கள் கணக்குக்கானது. மற்றவருக்கு வேர்டு கோப்பைக் கொடுத்து அவரையே கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். மைசோர்ட் மாட்யூல் ஒரே கோப்பு. வகுப்புக் குழுவில் அனுப்பினால் ஆளுக்கு ஆள் ஏற்றிக்கொள்வார்கள்.

எதை எடுப்பது?

வசனவாரியாக எழுதிய விளக்கம், ஆண்ட்ராய்டு டேப்லெட், தமிழ் மட்டும்: மைசோர்ட் மாட்யூலாக ஆக்குங்கள், ஆண்ட்பைபிளிலும் வைத்துப் பாருங்கள், எது கைக்கு வசப்படுகிறதோ அதில் இருங்கள். 73 நூல் என்றால் மைபைபிள் வடிவம். ஐபேடும் லோகோஸும் ஏற்கெனவே இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம். ஐபேட் இருக்கிறது, லோகோஸ் இல்லை, வசனவாரி விளக்கமும் இல்லை என்றால் இபப் போதும். எதில் போட்டாலும் மூலக் கோப்பு வேர்டிலோ எக்ஸெலிலோ உங்கள் கையில் இருக்கட்டும், திருத்தங்களை அங்கேயே செய்யுங்கள். ஆப்கள் வரும், போகும், வடிவங்கள் மாறும்.

முழுப் புத்தகத்தையும் மாற்றத் தொடங்குமுன் யூதா நிருபத்தை மட்டும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஒரே அதிகாரம், 25 வசனம், ஒரு மாலையில் முடிந்துவிடும். சிறியது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 'யூதா 3' என்று நீங்கள் எழுதியிருப்பது மூன்றாம் வசனம். நிரல் அதை மூன்றாம் அதிகாரம் என்று எடுத்துக்கொண்டு இல்லாத இடத்துக்கு இணைப்பு போடும். 'யூதா' என்ற கோத்திரத்தின் பெயரும் ராஜ்யத்தின் பெயரும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அவற்றையும் நிருபமாக்கிவிடும். இந்தச் சின்ன நிருபத்தில் இணைப்பும் தேடலும் பிசகாமல் ஓடினால், ரோமரைத் தொடங்கலாம்.